அப்பாவால் அதிகம் நடக்க முடியாது. எங்கே அழைத்துப் போகலாம்?

கேள்வி: மே மாதம் ஊரிலிருந்து என் பெற்றோர் வருகிறார்கள். நயாகராவை முன்பே பார்த்துவிட்டார்கள். காடும் ஏரியும் சேர்ந்த இடம் ஒன்று சொல்லுங்களேன்; ஒரே நாளில் போய்த் திரும்ப வேண்டும். அப்பாவுக்கு முழங்கால் வலி.
– வாசகி, ஸ்கார்பரோ

பதில்: யோசிக்கவே வேண்டாம் சகோதரி, பிரைட்டன் ஊரை ஒட்டியுள்ள பிரஸ்கீல் மாகாணப் பூங்காவுக்குப் போங்கள். டொராண்டோவிலிருந்து 401 நெடுஞ்சாலையில் கிழக்கே ஏறக்குறைய 150 கிலோமீட்டர்.

ஒன்டாரியோ ஏரியில் தனியாகக் கிடந்த சுண்ணாம்புக்கல் தீவு ஒன்றை, அலைகள் கொண்டுவந்து குவித்த மணலே கரையோடு இணைத்துவிட்டது. ஏரியைப் பார்த்த பக்கம் நீண்ட மணற்கரை. அலையின் வேகம் எட்டாத மறுபக்கம் சதுப்பு நிலம். பலர் மணற்கரையோடு திரும்பிவிடுகிறார்கள். அதைப் பார்க்க எனக்கு மனம் பொறுப்பதில்லை. நீங்கள் நேராகச் சதுப்பு நிலத்துக்குப் போங்கள். தண்ணீருக்கு மேலே மரப்பலகையில் நடைபாதை போட்டிருக்கிறார்கள். ஏறி இறங்கும் சிரமம் அப்பாவுக்கு இருக்காது. முழுவதும் சுற்ற வேண்டும் என்பதும் இல்லை. வசதியான இடத்தில் நின்று கொஞ்ச நேரம் பேசாமல் இருங்கள். சம்புத் தண்டின் நுனியைப் பற்றிக்கொண்டு கரும்பறவை ஒன்று கத்தும். கத்தும்போது மட்டும் தோளிலுள்ள சிவப்புத் திட்டு விரியும். வெயில் ஏறினால், மிதக்கும் மரக்கட்டைகளில் ஆமைகள் வரிசையாக வந்து அமரும்.

மே நடுப்பகுதியில் போனால் இன்னும் நல்லது. தெற்கிலிருந்து இரவெல்லாம் ஏரியைக் கடந்து வரும் சின்னஞ்சிறு கதிர்க்குருவிகள் களைத்துப்போய்க் கரையோர மரங்களில் இறங்கும் காலம் அது. இரை தேடி அவை தாழ்ந்த கிளைகளுக்கே வந்துவிடும் என்பதால் அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலிக்காது. 1840இல் கட்டிய கலங்கரை விளக்கத்தின் அருகே வரை காரிலேயே போகலாம்.

வார நாளாகப் பாருங்கள். காருக்கான ஒருநாள் அனுமதியை இணையத்தில் முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். நகரத்தில் வெயில் அடித்தாலும் ஏரிக்காற்று குளிரும். அம்மாவுக்குக் கட்டாயம் ஜாக்கெட் வேண்டும். காட்டுப் பாதையில் புல்லுக்குள் இறங்க வேண்டாம். அங்கே உண்ணிகள் உண்டு, சிலவற்றால் லைம் நோய் வரும். காற்சட்டையைக் காலுறைக்குள் செருகிக்கொள்ளுங்கள். வீடு திரும்பியதும் முழங்காலின் பின்பக்கம், இடுப்பு, தலைமுடி எல்லாவற்றையும் பார்த்துவிடுங்கள்.

பெற்றோர் செப்டம்பர் வரை தங்குவார்களானால் இன்னொரு முறையும் போங்கள். மெக்சிகோவுக்குப் புறப்படும் மொனார்க் வண்ணத்துப்பூச்சிகள் ஏரியைக் கடக்கும் முன் அந்தக் கலங்கரை விளக்கத்தின் பக்கம்தான் கூடும்.