கணினி கேள்வி – பதில்: அப்டேட் செய்தால் போதுமா?

கேள்வி: எங்கள் ஜவுளிக் கடையின் வலைத்தளம் வேர்ட்பிரஸில் இயங்குகிறது. முகப்பில் படங்கள் நகர்வதற்காகப் போட்டிருந்த பிளக்-இன்னில் (கூடுதல் வசதி தரும் துணைநிரல்) ‘எஸ்க்யூஎல் இன்ஜெக்ஷன்’ (தரவுத்தளத்துக்குச் செல்லும் கட்டளைக்குள் வெளியாள் தன் கட்டளையைச் செருகுவது) குறை இருப்பதாக ஹோஸ்டிங் நிறுவனத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. உடனே அப்டேட் செய்துவிட்டோம். தளமும் வழக்கம்போல் இயங்குகிறது. இனிக் கவலையின்றி இருக்கலாமா?
– ஒரு வாசகர், ஈரோடு

பதில்: இருக்க முடியாது. அப்டேட் செய்வதால் இனி அந்த வழியாக எவரும் நுழைய முடியாது என்பது உண்மையே. ஆனால் அதற்கு முன்பே நுழைந்தவர் எதை எடுத்துச் சென்றார், எதை விட்டுச் சென்றார் என்பதை அது பார்ப்பதில்லை. தளம் ஒழுங்காக இயங்குவதும் சான்றாகாது. தரவுத்தளத்தைப் படித்துவிட்டுப் போகிறவர் எதையும் உடைப்பதில்லை.

நீங்கள் சொல்லும் வகையைச் சேர்ந்த லேயர்ஸ்லைடர் என்ற பிளக்-இன்னில் 2024-இல் வெளிப்பட்ட குறையை எடுத்துக்கொள்வோம். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட தளங்களில் இருந்த பிளக்-இன் அது. ஒரு படத்தொகுப்பைக் காட்டுவதற்கு அதன் எண்ணை உலாவி அனுப்ப வேண்டும். வந்தது எண்ணாக இருந்தால் நிரல் சரியாகவே நடந்துகொண்டது. எண் அல்லாத வேறொன்று வந்தபோது, அதைச் சோதிக்காமல் தரவுத்தளத்துக்குச் செல்லும் வினவலோடு அப்படியே ஒட்டிவிட்டது. அதனால் வெளியாள் அனுப்பிய எழுத்துகள் தரவாக இல்லாமல் கட்டளையின் பகுதியாகவே நிறைவேறின. லாகின் கூடத் தேவைப்படவில்லை. 7.9.11 முதல் 7.10.0 வரையிலான பதிப்புகளில் இருந்த இந்தக் குறைக்குக் கடுமை மதிப்பெண்ணாகப் பத்துக்கு 9.8 தரப்பட்டது, அவ்வாண்டு மார்ச் 27-இல் வந்த 7.10.1 பதிப்பு அதைச் சரிசெய்தது.

வினவலின் விடை திரையில் தெரியாதபோது திருடுவது எப்படி என்று கேட்கலாம். விடை தெரிய வேண்டியதில்லை. நேரம் தெரிந்தால் போதும். கடவுச்சொல் தரவுத்தளத்தில் அப்படியே இருக்காது; ‘ஹேஷ்’ என்ற உருமாற்றிய எழுத்துத்தொடராக இருக்கும். ‘நிர்வாகியின் கடவுச்சொல் ஹேஷில் முதல் எழுத்து இன்னதானால் ஐந்து விநாடி காத்திரு, இல்லையேல் உடனே பதில் சொல்’ என்ற பொருளில் கட்டளையை அமைத்து அனுப்புவார்கள். பக்கம் தாமதமாக வந்தால் ஊகம் சரி. இப்படி ஒவ்வோர் எழுத்தாக, ஆயிரக்கணக்கான கோரிக்கைகளில் முழு ஹேஷையும் படித்துவிடலாம். இந்தச் சலிப்பூட்டும் வேலையை மனிதர் செய்வதில்லை, அதற்கென்றே இலவசக் கருவிகள் உள்ளன. லேயர்ஸ்லைடரில் இந்த முறைக்குத்தான் வழியிருந்தது. ஆகவே சர்வரின் அணுகல் பதிவேட்டில் ஒரே முகவரியிலிருந்து அடுத்தடுத்து வந்த, ஏறக்குறைய ஒரே மாதிரியான நீண்ட கோரிக்கைகள் உள்ளனவா என்று பாருங்கள். பகிர்வு ஹோஸ்டிங்கில் இப்பதிவுகளை அதிக நாள் வைத்திருப்பதில்லை என்பதால், அவற்றை இன்றே கேட்டு வாங்கிவிடுவது நல்லது.

படிப்பதோடு நிற்காத தாக்குதல்களும் உண்டு. அதே 2024-இல் டபிள்யூபி ஆட்டோமேட்டிக் என்னும் பிளக்-இன்னில், 3.92.1-க்கு முந்தைய பதிப்புகளில் இருந்த குறையைப் பயன்படுத்தியவர்கள் தங்களுக்கென நிர்வாகிக் கணக்குகளை உருவாக்கி, பின்னாளிலும் ரகசியமாக நுழைய உதவும் பின்வாசல் நிரல்களையும் பதித்தார்கள். பிறகு குறையுள்ள கோப்பின் பெயரையே மாற்றி வைத்தார்கள். வேறு திருடர் அதே வழியில் வரக் கூடாதென்ற அக்கறை! எனவே பயனர் பட்டியலில் உங்களுக்குத் தெரியாத நிர்வாகி எவரும் உண்டா, படங்கள் மட்டுமே இருக்க வேண்டிய அப்லோட்ஸ் கோப்புறையில் பிஎச்பி கோப்புகள் கிடக்கின்றனவா என்று பார்த்து, எல்லா நிர்வாகிகளின் கடவுச்சொற்களையும் மாற்றுங்கள். ஹேஷ்தானே என்று அலட்சியம் வேண்டாம். எளிய கடவுச்சொல்லை ஹேஷிலிருந்து கண்டுபிடித்துவிட முடியும்.

இன்னொன்று: இத்தகைய விலைக்கு விற்கும் பிளக்-இன்கள் பெரும்பாலும் தீமோடு (தளத்தின் தோற்ற வார்ப்பு) சேர்ந்தே வருகின்றன. தளத்தை அமைத்துத் தந்தவரின் பெயரில் உரிமம் இருந்தால், புதிய பதிப்பு உங்கள் டாஷ்போர்டில் தானாக வந்து சேராமலே போகலாம். பதிப்பு எண்ணை நேரில் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள்.

கேள்வி: நான் கல்லூரித் திட்டப்பணிக்காக ஒரு வேர்ட்பிரஸ் பிளக்-இன் எழுதுகிறேன். உள்ளீடுகள் அனைத்தையும் ‘எஸ்க் எஸ்க்யூஎல்’ (esc_sql) செயற்கூற்றின் வழியே அனுப்பிய பின்னும், எஸ்க்யூஎல் இன்ஜெக்ஷனிலிருந்து பாதுகாப்புப் போதாது என்கிறார் எங்கள் பேராசிரியை. ஏன்?
– ஒரு மாணவர், திருநெல்வேலி

பதில்: அவர் சொல்வது சரி. அந்தச் செயற்கூறு மேற்கோள் குறிகளுக்கு முன்னால் பின்சாய்கோடு இடுகிறது. மேற்கோளுக்குள் வைக்கப்படும் மதிப்புக்கு அது காவல். மேற்கோளே இல்லாத இடத்தில் அதற்கு வேலையில்லை. எண்ணுக்குரிய இடத்தில் 25 என்பதற்குப் பின்னால் ஒரு நிபந்தனையை ஒட்டி அனுப்புகிறவருக்கு மேற்கோள் குறி தேவைப்படாது. வரிசைப்படுத்தும் பகுதியும் அப்படியே. 2015 மார்ச்சில், தேடுபொறிப் பணிகளுக்கு மிகப் பரவலாகப் பயன்பட்ட யோஸ்ட் பிளக்-இன்னில் குறை வெளிப்பட்டது, அட்டவணையின் எந்த நெடுவரிசைப்படி, எந்தத் திசையில் வரிசைப்படுத்துவது என்று சொல்லும் இரண்டு உள்ளீடுகளில்தான்.

மதிப்புகளுக்கு, வினவலையும் மதிப்புகளையும் தனித்தனியே பெற்றுப் பாதுகாப்பாகச் சேர்க்கும் ‘பிரிப்பேர்’ செயற்கூற்றைப் பயன்படுத்துங்கள். நெடுவரிசை, அட்டவணைப் பெயர்களுக்கும் வேர்ட்பிரஸ் 6.2 முதல் அதில் தனி இடக்குறி (மதிப்பு வந்து அமரும் இடத்தைக் காட்டும் குறி) உண்டு. ஏறுவரிசையா இறங்குவரிசையா என்பதை உள்ளீட்டிலிருந்து எடுக்காமல், நீங்களே எழுதிவைத்த இரண்டு சொற்களில் ஒன்றாகத் தேர்ந்தெடுங்கள். ‘பிரிப்பேர்’ என்ற பெயர் நிரலில் இருந்தாலே போதும் என்று நினைப்பதும் தவறு. 2017-இல் குறை வெளிப்பட்ட நெக்ஸ்ட்ஜென் கேலரி என்ற பிளக்-இன்னில் அந்தச் செயற்கூறு இருக்கத்தான் செய்தது. ஆனால் பயனரின் உள்ளீட்டை முதலில் வினவலுக்குள் கலந்துவிட்டு, அதன் பிறகே அதை அழைத்திருந்தார்கள். கலந்த பின் எது கட்டளை, எது தரவு என்று அச்செயற்கூற்றுக்கு எப்படித் தெரியும்?

கேள்வி: தரவுத்தள அட்டவணைப் பெயர்களின் முன்னொட்டை (வழக்கமாக wp_) மாற்றி வைத்தால் எஸ்க்யூஎல் இன்ஜெக்ஷன் தாக்குதலைத் தடுக்கலாம் என்கிறார்களே?
– ஒரு வாசகி, காரைக்குடி

பதில்: பயன் சொற்பம். அட்டவணைப் பெயர்களின் பட்டியல் தரவுத்தளத்திலேயே இருப்பதால், உள்ளே நுழைந்தவர் அதையும் கேட்டுத் தெரிந்துகொள்வார். அதைவிட, ஒரே ஹோஸ்டிங்கில் பல தளங்கள் வைத்திருந்தால், ஒவ்வொன்றுக்கும் தனித் தரவுத்தளப் பயனரை அமைத்து, அந்தந்தத் தரவுத்தளத்துக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். ஒரு தளத்தின் பிளக்-இன்னில் ஓட்டை விழுந்தாலும் மற்றத் தளங்களின் தரவுத்தளங்களை அதன் வழியே படிக்க முடியாது.