கணையப் புற்றுநோய் ஆய்வு: தருமபுரி, கிருஷ்ணகிரி மாணவர்கள் கேட்டவை

போச்சம்பள்ளி, முதலாண்டு பி.எச்.டி.: மேடம், பேங்க்-1 என்ற கணையப் புற்று செல் லைனில் (ஆய்வகத்தில் தொடர்ந்து வளர்க்கும் செல் வகை) மாவிலைச் சாறு போட்டு, உயிருள்ள செல்லை ஊதா நிறத்தால் அளக்கும் எம்.டி.டி சோதனை பார்த்தேன். டோஸ் ஏற ஏற ஊதாவும் ஏறுகிறது. சாறு செல்லை வளர்க்கிறதா?

அப்படி எழுதிவிடாதீர்கள் தம்பி. உயிருள்ள செல் மஞ்சள் எம்.டி.டியை ஒடுக்கி ஊதா ஃபார்மசான் ஆக்கும். மாவிலையில் உள்ள மாஞ்சிஃபெரின், டானின் போன்றவை செல்லே இல்லாமலும் அதே வேலையைச் செய்துவிடும். முதலில் தட்டின் மூன்று வெல்லில் (குழியில்) செல் போடாமல் மீடியம் (வளர்ப்புக் கரைசல்), அதே டோஸ் சாறு, எம்.டி.டி (மில்லிக்கு 0.5 மி.கி.) மட்டும் விட்டு 3 மணி நேரம் இன்குபேட்டரில் வையுங்கள். அங்கேயும் ஊதா வந்தால் உங்கள் எண்கள் சாற்றின் எண்கள். அடுத்த முறை சாற்றை உறிஞ்சி எடுத்து, பி.பி.எஸ் என்ற உப்புக் கரைசலால் ஒருமுறை கழுவி, புது மீடியத்தில் எம்.டி.டி விடுங்கள். சாற்றைக் கரைத்த டி.எம்.எஸ்.ஓ 0.5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. கன்ட்ரோல் வெல்லிலும் அதே அளவு இருக்க வேண்டும். 96 வெல் தட்டில் ஓரத்து 36 வெல்லில் பி.பி.எஸ் மட்டும் விடுங்கள். 72 மணி நேரத்தில் ஓரம்தான் முதலில் வற்றும்.

பாலக்கோடு: ஜெம்சிடபின் என்ற புற்றுநோய் மருந்தின் டோஸை எவ்வளவு ஏற்றினாலும் செல் சாகவில்லை. ரெசிஸ்டன்ஸ் என்று எழுதலாமா?

மைக்கோபிளாஸ்மா என்ற மிகச் சிறிய பாக்டீரியாவின் தொற்று இருக்கிறதா என்று பார்த்தீர்களா? அதில் சில இனங்களின் சிடிடின் டீஅமினேஸ் என்ற என்சைம் ஜெம்சிடபினையே செயலற்றதாக்கிவிடும். செல்லுக்கு மருந்தே போய்ச் சேர்ந்திருக்காது. மீடியம் கலங்காது, கண்ணில் படாது. செல்சுவர் இல்லாததால் பென்சிலின் எடுபடாது, 0.2 மைக்ரான் ஃபில்டரிலும் நுழைந்துவிடும். அதன் டி.என்.ஏவைத் தேடும் பி.சி.ஆர் சோதனை செய்யுங்கள். ஆன்டிபயாடிக் இல்லாமல் சில நாள் வளர்த்த மீடியத்தை எடுத்தால்தான் முடிவை நம்பலாம். தொற்று இருந்தால் பிளாஸ்க்கை ஆட்டோகிளேவ் செய்துவிட்டுச் சுத்தமான செல் உள்ள குப்பியைத் திறவுங்கள்.

பர்கூர்: போச்சம்பள்ளிக்குச் சொன்னதில் எனக்கு உடன்பாடில்லை மேடம். கழுவினால் மிதக்கும் செல்லும் போய்விடுமே?

நியாயமான கேள்வி. செத்த செல் எம்.டி.டியை ஒடுக்காது, அது போனால் நஷ்டமில்லை. தளர்ந்து மிதக்கும் உயிர்ச்செல் போனால்தான் தப்பு.

ஊத்தங்கரை: மியா பாக்கா-2 என்ற இன்னொரு கணையப் புற்று செல் லைன் எப்போதும் பாதி மிதக்கிறது. அதில் கழுவவே கூடாது என்பேன்.

பாதி என்பது அதிகம், ஆனால் அந்த லைனில் உருண்டு மிதக்கும் உயிர்ச்செல் உண்டு. தட்டையே 200 ஜி விசையில் 5 நிமிடம் சுழற்றிவிட்டு மெதுவாக உறிஞ்சுங்கள். தட்டு பொருந்தும் ரோட்டர் இல்லையா? மேல் மீடியத்தையும், ஒட்டிய செல்லைப் பிரிக்கும் டிரிப்சின் போட்டு எடுத்த செல்லையும் ஒன்றாகச் சேர்த்து, செத்த செல்லை மட்டும் நீலமாக்கும் டிரைபான் ப்ளூவில் எண்ணுங்கள்.

பர்கூர்: அப்படியானால் பேங்க்-1 ஒன்றே போதுமே?

போதாது. பேங்க்-1-இல் கேராஸ் என்ற மரபணுவில் ஜி12டி மாற்றம், மியா பாக்கா-2-இல் ஜி12சி மாற்றம், பி.எக்ஸ்.பி.சி-3 என்ற லைனில் கேராஸ் மாற்றமே இல்லை. சோட்டோராசிப் போன்ற ஜி12சி மருந்தை பேங்க்-1-இல் சோதித்தால் என்ன தெரியும்? ஒரு லைனில் வந்ததைக் கணையப் புற்றுக்கே பொதுவாக எழுதக் கூடாது.

அரூர்: வேப்பிலைச் சாற்றிலும் ஊதா ஏறுகிறது…

போச்சம்பள்ளிக்கான பதிலைப் படியுங்கள்.

பென்னாகரம்: செல் வளர்ச்சி திடீரென மந்தம். சீரம் மாற்றலாமா?

முதலில் மைக்கோபிளாஸ்மா. மேலே எழுதியிருக்கிறேன்.

காவேரிப்பட்டணம்: அப்பாவுக்கு ரத்தப் பரிசோதனையில் சி.ஏ. 19-9 என்ற புற்றுக் குறியீடு கூடியிருக்கிறது, புற்றுநோயா?

பித்தக்குழாய் அடைப்பிலும் அது கூடும். அந்த எண்ணை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. ரிப்போர்ட்டோடு குடல்-இரைப்பை மருத்துவரை இந்த வாரமே பாருங்கள்.

தருமபுரி: கணையத் திசுவில் ஆர்.என்.ஏ எடுத்தால் ஜெல்லில் கீழே புகைபோல் பரவுகிறது.

கணையத்தில் ஆர்.என்.ஏவைச் சிதைக்கும் ஆர்.என்.ஏஸ் என்சைம் மிக அதிகம். வெட்டிய திசு தட்டிலேயே காத்திருந்தால் அந்த நேரத்திலேயே சிதைந்துவிடும். திரவ நைட்ரஜன் குடுவையை அறுவை அறை வாசலுக்கே கொண்டுபோங்கள். பட்டாணி அளவுத் துண்டை உடனே உறைய வையுங்கள். பொடிக்கும்போதும் உருக விடாதீர்கள். ஆர்.என்.ஏஸை முடக்கும் குவானிடின் கரைசலில் உறைந்த பொடியாகவே விழ வேண்டும்.