தைப்பதா, தைக்கக் கொடுப்பதா?

வாசகர் கேள்வி: என்னிடம் நான்கு வயதுப் பெண்குதிரை ஒன்றும், கிரேஹவுண்ட் நாய் ஒன்றும், எட்டு மாதமே ஆன பெரிய இன நாய்க்குட்டி ஒன்றும் இருக்கின்றன. ஆயத்தமாகக் கிடைக்கும் கடிவாளமோ கழுத்துப்பட்டையோ இவற்றில் எதற்கும் சரியாகப் பொருந்தவில்லை. அளவெடுத்துச் செய்து தருபவர் கேட்கும் தொகையும், காத்திருக்கச் சொல்லும் காலமும் மலைக்க வைக்கின்றன. எனக்குத் துணி தைக்க நன்றாக வரும். தோல் வேலை செய்ததில்லை. கருவிகளை வாங்கி எல்லாவற்றையும் நானே செய்யத் தொடங்கலாமா? வீட்டில் ஒரு பழைய சேணம் கிடக்கிறது. அதன் வார்களை வெட்டிப் பயன்படுத்தலாமா?

பதில்: பணம், காலம், கைத்திறன் ஆகிய மூன்றையும் எடைபோட்டுக் கேட்டிருக்கிறீர்கள். அவற்றுக்கும் முன்னால் வரவேண்டிய கேள்வி ஒன்று உங்கள் கடிதத்தில் இல்லை: செய்யப்போகும் பொருள் நடுவழியில் அறுந்தால் யாருக்கு என்ன ஆகும்? சேணத்தின் மேல் போடும் உறை கிழிந்தால் அதை மறுநாள் தைத்துக்கொள்ளலாம். ஆனால் குதிரை பாய்ச்சலில் போகும்போது, ஏறியவர் கால் வைக்கும் அங்கவடியைத் தாங்கும் வார் அறுந்தால் மறுநாள் நீங்கள் படுக்கையில் இருக்கக்கூடும். இதற்கு நேர்மாறாக, அறவேண்டிய நேரத்தில் அறாமல் இருப்பதாலேயே ஆபத்தாகும் பொருளும் உண்டு: குதிரையைக் கட்டிப்போட அதன் தலையில் மாட்டும் ஹால்ட்டர். கட்டிப்போட்ட குதிரை மிரண்டு பின்வாங்கும்போது, 400 கிலோவுக்கு மேற்பட்ட அந்த உடலின் இழுப்பு முழுவதும் பிடரிக்கு மேலே ஓடும் ஒரே வாரில் விழுகிறது. அது தோலாக இருந்தால் அறுந்து குதிரையை விட்டுவிடும்; நைலானாக இருந்தால் அறாது, குதிரையின் கழுத்தும் முகமும்தான் காயப்படும். ஆகவே ஒவ்வொரு பொருளையும் கையில் எடுக்கும்போது, இது எவ்வளவு உறுதியாக இருக்க வேண்டும் என்பதோடு, எந்த இடத்தில் முதலில் விட்டுக்கொடுக்க வேண்டும் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். இதற்கு விடை தெரியாத பொருளை நீங்கள் தைக்க வேண்டாம் என்பதே என் கருத்து.

அந்த வகையில் சிலவற்றை உடனே ஒதுக்கிவிடலாம். சேணம், அதன் வயிற்றுவார், அங்கவடி வார், கடிவாள இரும்பு ஆகியவை பழகிய கைகளுக்கு உரியவை. சேணத்தின் உள்ளே இருக்கும் சட்டகம் குதிரையின் முதுகெலும்பைத் தொடாமல் இருபுறத் தசைகளின்மேல் எடையைப் பரப்ப வேண்டும். அந்த எடை கடைசி விலா எலும்பைத் தாண்டிப் பின்னால் இடுப்புப் பக்கம் போகவும் கூடாது. இதைக் கண்ணால் பார்த்துச் செய்ய முடியாது. நாயைப் பொறுத்தவரை, காரில் கட்டும் பாதுகாப்புப் பட்டையையும் வாய்க்கூட்டையும் இந்தப் பட்டியலில் சேர்ப்பேன். மோதலின் விசையைத் தாங்குமா என்று வீட்டில் சோதிக்க வழியில்லை. வாய்க்கூடோ, நாய் வாயை அகலத் திறந்து மூச்சிரைக்க இடம் தராவிட்டால், வெயிலில் உயிருக்கே உலை வைத்துவிடும்.

அடுத்து வருவது, ஆசைப்பட வைக்கும் கடிவாளம். பார்ப்பதற்கு அது சில வார்களும் சில பக்கிள்களும் சேர்ந்ததுதான். நேரான தையல் தெரிந்தவருக்கு இதில் என்ன கடினம் என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. நான் முதன்முதலில் செய்த தோல் பட்டை, தையல் பிரியாமல், பக்கிள் உடையாமல், இரண்டே மாதங்களில் ஒரு பக்கமாக நீண்டு வளைந்து பாம்புபோல் ஆகிவிட்டது. தவறு தையலில் இல்லை, தோலைத் தேர்ந்த இடத்தில் இருந்தது. ஒரு முழுத்தோலில் முதுகுப் பகுதி இறுக்கமானது. வயிற்றுப் பகுதி தளர்ந்து நீளக்கூடியது. வார் எதுவானாலும் முதுகுத்தண்டுக்கு இணையாக, முதுகுப் பகுதியிலிருந்து நீளவாக்கில் வெட்ட வேண்டும். துண்டுகளாக விற்கப்படும் மலிவான தோலில் பெரும்பாலும் வயிற்றுப் பகுதியே வந்து சேரும். அது பைக்கு உதவும், வாருக்கு உதவாது. மேலும், வாருக்கு வேண்டியது மரப்பட்டைச் சாறு போன்ற தாவரப் பொருள்களால் பதனிட்டு, மெழுகும் கொழுப்பும் ஊட்டிய தோல். மென்மையான ஆடைத்தோலோ சோபாத்தோலோ அல்ல. கடிவாளத்துக்கு அது 3 முதல் 4 மி.மீ. தடிமன் இருக்க வேண்டும். பக்கிளைச் சுற்றி மடியும் இடத்தில் மட்டும் அதைச் சீவி மெலிதாக்க வேண்டும். அதிகம் சீவினால் அங்கேயே அறும், குறைவாகச் சீவினால் மடிப்பு முண்டாக நின்று கன்னத்தில் உராயும். அந்த அளவு கைக்குப் பிடிபடுவதற்குள் பல துண்டுகள் வீணாகும்.

தையலிலும் உங்கள் துணிப் பழக்கம் அப்படியே செல்லாது. தோலுக்கான கைத்தையலில் ஒரே நூலின் இரு முனைகளிலும் ஊசி கோத்து, ஒவ்வொரு துளையிலும் இரு பக்கத்திலிருந்தும் இரண்டு ஊசிகளையும் செலுத்துவார்கள். இப்படித் தைத்தால் ஓரிடத்தில் ஓர் இழை தேய்ந்து அறுந்தாலும் மற்ற இழை வரிசையைப் பிடித்துக்கொள்ளும்; மேல்நூலும் அடிநூலும் கொக்கிபோட்டு நிற்கும் இயந்திரத் தையலில் இந்தப் பாதுகாப்பு குறைவு. வீட்டுத் தையல் இயந்திரம் இந்தத் தடிமனைத் தாங்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன்; ஊசி உடைவதோடு நின்றால் உங்கள் அதிர்ஷ்டம்.

செலவுக் கணக்கைப் பெரும்பாலோர் தவறாகவே போடுகிறார்கள். செய்து தருபவர் கேட்கும் தொகையை ஒரு துண்டுத் தோல், இரண்டு பக்கிள் ஆகியவற்றின் விலையோடு ஒப்பிட்டு, அவர் கொள்ளை அடிக்கிறார் என்று முடிவு கட்டுவார்கள். குத்தூசி, துளைப்பான், வார் வெட்டும் கருவி, ஓரம் மழிக்கும் கருவி, தைக்கும்போது தோலைப் பிடித்துக்கொள்ளும் மரக்கவ்வி, மெழுகு நூல் என்று வாங்க வேண்டியவை அந்தக் கணக்கில் வருவதில்லை. முதல் மூன்று முயற்சிகள் குப்பைக்குப் போவதும் வருவதில்லை. ஒரே ஒரு கடிவாளத்துக்காக இவற்றை வாங்குவது நிச்சயம் நட்டம். ஆண்டுக்கு ஐந்தாறு பொருள்கள் செய்வீர்கள், பழுதுபார்ப்பையும் நீங்களே செய்வீர்கள் என்றால்தான் கணக்கு மாறும். அந்த வேலையே உங்களுக்கு இன்பம் தருமென்றால் கணக்கே வேண்டாம். அப்போது அதைச் சிக்கனம் என்று மட்டும் சொல்லிக்கொள்ளாதீர்கள்.

உங்கள் குதிரைக்கு இப்போது கடிவாளம் செய்யவும் வேண்டாம், செய்யச் சொல்லவும் வேண்டாம் என்று நான் சொல்வதற்கு வேறொரு காரணமும் உண்டு. நான்கு வயதுக் குதிரை இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. எலும்பு வளர்ச்சி முற்றுப்பெற ஐந்தரை, ஆறு வயது ஆகும், பயிற்சியால் தசை கூடுவது அதற்குப் பிறகும் தொடரும். இன்றைய அளவுக்குத் துல்லியமாகச் செய்த பொருள் அடுத்த ஆண்டே பொருந்தாமல் போகலாம். ஆயத்தக் கடிவாளங்கள் போனி (சிறியது), காப் (நடுத்தரம்), ஃபுல் (பெரியது) என்ற அளவுகளில் வருகின்றன. குதிரைகளின் தலைகள் அந்த அளவுகளை மதித்துப் பிறப்பதில்லை. உங்கள் குதிரைக்கு நெற்றி அகலமாகவும் முகவாய் சிறியதாகவும் இருக்குமென்று ஊகிக்கிறேன், ஏனெனில் ஆயத்தக் கடிவாளம் பொருந்தவில்லை என்று சொல்பவர்களில் பலருக்கும் சிக்கல் நெற்றிப்பட்டையில்தான் இருக்கிறது. அது குட்டையாக இருந்தால், காதுகளுக்குப் பின்னால் தலைக்கு மேல் ஓடும் தலைவாரை முன்னுக்கு இழுத்துக் காதின் அடியில் அழுத்தும். குதிரை தலையை உதறும், நாம் அதைக் குணக்கேடு என்போம். கடிவாளத்தின் பகுதிகள் பக்கிள்களால் இணைபவை என்பதால், நெற்றிப்பட்டையை மட்டும் ஓர் அளவு பெரியதாகவும் கன்ன வார்களை ஓர் அளவு சிறியதாகவும் தனித்தனியே வாங்கிச் சேர்க்கலாம். இந்த நடுவழி உங்களுக்கு இன்னும் இரண்டாண்டுக்குப் போதும்.

இதற்குள் குதிரைக்காக நீங்களே செய்யக்கூடியவையும் இருக்கின்றன. சேணத்தடி விரிப்பு, ஈ அண்டாமல் காதை மூடும் உறை ஆகியவற்றுக்கு உங்கள் துணித் தையலே போதும். முடிச்சுகளால் ஆன கயிற்று ஹால்ட்டரைச் சுமார் 7 மீட்டர் நீளமுள்ள, இறுக்கமாகப் பின்னிய கயிறு ஒன்றைக்கொண்டு ஒரு மாலையில் கட்டிவிடலாம். பொருந்தாவிட்டால் அவிழ்த்து மறுபடி கட்டலாம் என்பது தோலில் கிடைக்காத சலுகை. ஆனால் அது எளிதில் அறாது என்பதால், அதை மாட்டிய குதிரையைக் கட்டிப்போட்டுவிட்டு அகலவோ, வண்டியில் ஏற்றவோ கூடாது.

உங்கள் கைத்திறன் உடனடியாகப் பயன்படப்போவது நாய்களுக்குத்தான். கிரேஹவுண்டின் கழுத்து அதன் தலையைவிட அகலமானது. சாதாரணக் கழுத்துப்பட்டையை எவ்வளவு சரியாக இறுக்கினாலும், நாய் பின்வாங்கித் தலையைக் குனித்தால் பட்டை காது வழியாகக் கழன்று வந்துவிடும். இதற்கென்றே மார்ட்டிங்கேல் என்ற வகை இருக்கிறது. பெரிய பட்டை ஒன்று கழுத்தைச் சுற்றி வரும். அதன் இரு முனைகளிலும் உள்ள வளையங்களுக்குள் ஒரு சிறு கண்ணி ஓடும். நாய் இழுத்தால் கண்ணி பட்டையைக் கழுத்தளவுக்கு மட்டும் சுருக்கும், அதற்கு மேல் நெரிக்காது. நன்றாக இழுத்துப் பிடித்த நிலையில் இரண்டு வளையங்களுக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி இருக்க வேண்டும். வளையங்கள் ஒன்றையொன்று தொட்டால் பட்டை நீளம் அதிகம், நாய் கழன்றுவிடும். இந்த இனத்தின் தோல் மெல்லியது, முடியும் குறைவு. ஆகவே பட்டை 4 செ.மீ.க்குக் குறையாத அகலத்தோடு, உள்ளே மென்துணி வைத்து இருக்கட்டும். துணிவேலை தெரிந்தவருக்கு இதைவிடப் பொருத்தமான முதல் வேலை எனக்குத் தோன்றவில்லை. கண்ணி எதிலாவது மாட்டிக்கொள்ளக்கூடும் என்பதால், நடைக்குப் போகும்போது மட்டும் போடுங்கள்.

நாய்க்குட்டிக்கும் இப்போது அளவெடுத்துச் செய்யச் சொல்வது வீண்செலவு. பெரிய இனங்கள் ஒன்றரை வயதுவரைகூட வளரும். நைலான் அல்லது பாலியெஸ்டர் நாடாவில், நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் வழுக்குப் பக்கிள் வைத்து, முன்புறம் ஆங்கில ஒய் (Y) எழுத்தின் வடிவில் மார்பெலும்பின் மேல் இறங்கும் ஹார்னஸ் (கழுத்துக்குப் பதிலாக மார்பைச் சுற்றி மாட்டும் பட்டை) ஒன்றை நீங்களே தைத்துவிடலாம். தோள்களுக்குக் குறுக்கே ஓடும் பட்டை நடையைத் தடுக்கும் என்பதால் அந்த வடிவத்தைத் தவிருங்கள். வயிற்றுப் பக்கப் பட்டை முழங்கைக்கு இரண்டு, மூன்று விரல் பின்னால் விழட்டும்; அக்குளில் உரசினால் இரண்டே நாளில் புண்ணாகும். முதலில் பழைய துணிப்பட்டையால் ஒரு மாதிரி தைத்து, நாயை நிற்கவைத்தும் நடக்கவைத்தும் பாருங்கள். நாடாவின் முனைகளைச் சூட்டில் உருக்கி மூடுங்கள். இணைப்புகளில் சதுரமும் அதன் நடுவே குறுக்குக் கோடுகளுமாகத் தையுங்கள். பருத்தி நூல் ஈரத்தில் மக்கும். பாலியெஸ்டர் நூலே வேண்டும்.

இரண்டு நாய்களுக்கும் பொதுவாக ஓர் எச்சரிக்கை: நாடா அறுவது அரிது, உலோகமே ஏமாற்றும். வளையம் பற்றவைத்து மூடியதாக இருக்கட்டும். வெறுமனே வளைத்து விட்ட வளையம் இழுப்பில் திறந்துகொள்ளும். துத்தநாகக் கலவையில் வார்த்து மேல்பூச்சு பூசிய கொக்கிகள் பித்தளைபோலவே மின்னும், வளையாமல் சட்டென்று முறியும். காந்தம் வைத்துப் பார்த்தால் தெரியும் என்று சிலர் சொல்வது பாதிதான் உண்மை. பூச்சு பூசிய இரும்பைக் காந்தம் காட்டிக்கொடுக்கும், துத்தநாகம் பித்தளையைப் போலவே காந்தத்தில் ஒட்டாது. கெட்டிப் பித்தளை அல்லது துருப்பிடிக்காத எஃகு என்று எழுதிக்கொடுப்பவரிடம் வாங்குங்கள்.

குதிரை வளர்ந்து முடிந்த பின் கடிவாளத்தைச் செய்யச் சொல்லும்போது, காத்திருப்புக் காலத்தை நினைத்து எரிச்சல்படாதீர்கள். நாளைக்கே தருகிறேன் என்பவரைப் பற்றித்தான் எனக்குச் சந்தேகம் வரும். ஒரு பக்க வாயோரத்திலிருந்து பிடரிக்கு மேலாக மறுபக்க வாயோரம் வரை ஓர் அளவு, நெற்றியின் குறுக்கே காதடியிலிருந்து காதடி வரை ஓர் அளவு, மூக்கின் சுற்றளவு, தொண்டை வாரின் நீளம் ஆகியவற்றை நீளாத நாடாவால் இருமுறை எடுத்து, நாடாவோடு சேர்த்துப் புகைப்படமும் அனுப்புங்கள். மூக்குப்பட்டைக்கும் மூக்கெலும்புக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும் என்பதைச் சொல்லிவிடுங்கள். சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பு 2025 முதல் தன் போட்டிகளில் இந்த இடைவெளியை ஒரு கருவி வைத்தே சோதிக்கிறது. நீங்கள் தரும் அளவு நடுத்துளைக்கா, கடைசித் துளைக்கா என்பதையும் தெளிவாக்குங்கள். இருவரும் வேறுவேறாகப் புரிந்துகொண்டதால் திரும்பிவந்த பொருள்கள் ஏராளம். தோலின் எந்தப் பகுதியிலிருந்து வார் வெட்டுகிறார், கையால் தைக்கிறாரா, அளவு பிசகினால் மாற்றித் தரும் செலவு யாருடையது என்று கேளுங்கள். முகம் சுளிக்காமல் பதில் சொல்பவரிடம் முன்பணம் கொடுக்கலாம்.

கடைசியாக, அந்தப் பழைய சேணத்தின் வார்கள். ஒவ்வொன்றையும் மேல்முகம் வெளியே தெரியும்படி மெதுவாக மடித்துப் பாருங்கள். மடிப்பில் மயிரிழை விரிசல்கள் தெரிந்தால் உள்ளே நார் இற்றுப்போய்விட்டது. எத்தனை எண்ணெய் தடவினாலும் அது பளபளக்குமே தவிரப் பிழைக்காது. விரிசல் இல்லாதவற்றிலும் பக்கிள் இருந்த மடிப்பையும் பழைய துளைகள் உள்ள பகுதியையும் வெட்டி எறிந்துவிடுங்கள். மிஞ்சும் நல்ல துண்டுகளில் குத்தூசி பிடிக்கவும், ஓரம் மழிக்கவும், இரண்டு ஊசித் தையல் போடவும் பழகுங்கள். தண்ணீர் வாளி தொங்கவிட ஒரு வார், கயிற்றுச் சுருளைக் கட்டிவைக்க ஒரு பட்டை என்று உருப்படியாக ஏதாவது செய்யலாம். நாயின் கழுத்துக்கு மட்டும் அது வேண்டாம். அப்படியே சேணத்தின் அங்கவடி வார்களில் இடப்பக்கத்து வாரை வலப்பக்கத்தோடு வைத்து அளந்து பாருங்கள். ஏறுபவர்கள் பெரும்பாலும் இடப்பக்கமாகவே ஏறுவதால் அது சற்று நீண்டிருக்கக்கூடும். இரண்டையும் அவ்வப்போது இடம் மாற்றிப் பூட்டியிருந்தார்களா என்பது அதிலேயே தெரிந்துவிடும்.