ஆசைதான் துன்பத்துக்குக் காரணம் என்றால், விடுதலைக்கு ஆசைப்படுவதும் துன்பம்தானே? ஆசை எல்லாம் போனபின் மிஞ்சுவது என்ன?

முதல் பாதியைப் புத்தர் காலத்திலேயே கேட்டுவிட்டார்கள். கோசாம்பி நகரில் உண்ணாபன் என்ற பிராமணர் புத்தரின் சீடர் ஆனந்தரிடம், ஆசையை வைத்தே ஆசையை விடுவதென்றால் அதற்கு முடிவேது என்று மடக்கினார். பிக்குகள் தங்கும் இந்த ஆராமத்துக்கு வரவேண்டும் என்று விருப்பம் இருந்ததே, வந்து சேர்ந்ததும் அது என்ன ஆயிற்று என்று ஆனந்தர் திருப்பிக் கேட்டார். அடங்கிவிட்டது என்றார் உண்ணாபன். விடுதலைக்கான விருப்பமும் அப்படித்தான் என்றார் ஆனந்தர்.

குழப்பத்துக்குப் பாதிக் காரணம் "ஆசை" என்ற சொல்தான். பள்ளிப் பாடத்தில் படித்த அந்த ஒற்றை வரி இன்னும் நம்மை விடவில்லை. ஆனந்தர் பேசியது பாலி மொழியில் சந்தம், அதாவது ஒன்றைச் செய்யத் தூண்டும் விருப்பம். துக்கத்தின் காரணமாகப் புத்தர் சொன்னது தண்ஹா, நேர்ப்பொருள் தாகம். துன்பம் எப்படித் தோன்றுகிறது என்று ஒன்றிலிருந்து ஒன்றாக மணிமேகலை அடுக்கும் பன்னிரண்டு சார்புகளில் இது "வேட்கை" என்றே வருகிறது. நுகர்வு, அதிலிருந்து வேட்கை, அதிலிருந்து பற்று.

தாகத்தில் மூன்று வகை. இன்பம் வேண்டும், இருக்க வேண்டும், இல்லாமல் போக வேண்டும். மூன்றாவதை நான் வெகுநாள் கண்டுகொள்ளவே இல்லை. ஒருமுறை மூட்டு வலியில் இரவு மூன்று மணிக்கு விழித்துக் கிடந்தேன். வலி என்னவோ முட்டிக்குக் கீழே நாலு விரல் அளவுதான். அதற்குள் மனம் அறுவை சிகிச்சை, வேலை போவது, ஊன்றுகோல் வரை போய்விட்டது. "இது தொலைந்தால் போதும்" என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். முதல் அம்பு உடலில், இரண்டாவது மனத்தில் என்று புத்தரின் உரை ஒன்றில் வருகிறது. அன்று இரண்டாவதை எய்தவன் நானேதான்.

சாரநாத்தில் நிகழ்த்திய முதல் உரையில் நான்கு உண்மைகளுக்கும் நான்கு வேலைகள் சொல்லப்பட்டிருக்கின்றன. துக்கம் அறியப்பட வேண்டியது, காரணம் விடப்பட வேண்டியது, நிரோதம், அதாவது துக்கம் ஓய்தல், நேரில் காணப்பட வேண்டியது, மார்க்கம் வளர்க்கப்பட வேண்டியது. நான் வலியை அறியாமல் விரட்டப் பார்த்தேன். விடவேண்டிய வேட்கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தேன். வேலைகளை மாற்றிச் செய்தால் வேறென்ன நடக்கும்? நாலு விரலை நாலு விரலாகவே பார்க்கத் தொடங்கியபின் வலி குறையவில்லை, ஆனால் தூக்கம் வந்தது.

இனி இரண்டாம் பாதி. பாலியில் உபாதானம் என்றால் பற்று; அதே சொல்லுக்கு எரிபொருள் என்றும் பொருள். தமிழில் இதை விளக்கவே வேண்டாம், நமக்குத் தீயும் "பற்றி"க்கொள்கிறது, மனமும் பற்றிக்கொள்கிறது. நிப்பானம் என்றால் அணைதல். (வடமொழி வழியாக வந்த "நிர்வாணம்" தமிழில் வேறெங்கோ போய்விட்டது, அதை விடுங்கள்.) விடுதலை பெற்றவர் இறந்தபின் எங்கே பிறக்கிறார் என்று வச்சகோத்தர் என்ற துறவி கேட்டபோது, அணைந்த தீ எந்தத் திசைக்குப் போயிற்று, கிழக்கா, மேற்கா, வடக்கா, தெற்கா என்று புத்தர் கேட்டார். அந்தக் கேள்வியே பொருந்தாது, விறகு தீர்ந்தது, தீ அணைந்தது, அவ்வளவுதான் என்றார் வச்சகோத்தர்.