கழிப்பறைத் தொட்டி எப்படிக் கலையாகும்?

செய்த பொருளைவிட அதன் பின்னுள்ள எண்ணத்தையே படைப்பாகக் கொள்வது கருத்துக்கலை. 1917இல் பிரெஞ்சுக் கலைஞர் மார்செல் டுஷாம், கடையில் வாங்கிய சிறுநீர்த் தொட்டியில் 'ஆர். மட்' என்ற புனைபெயரில் கையொப்பமிட்டு நியூயோர்க் கண்காட்சி ஒன்றுக்கு அனுப்பினார். கட்டணம் கட்டிய எவரின் படைப்பையும் ஏற்போம் என்றவர்கள், இதை மட்டும் வைக்க மறுத்தார்கள். சரி, அப்போ எது கலை என்று முடிவெடுப்பது யார்? அந்தக் கேள்விதான் படைப்பு. (அசல் தொட்டி தொலைந்தே போனது, அருங்காட்சியகங்களில் இருப்பவை பிரதிகள்.)

பிறகு அமெரிக்கக் கலைஞர் சோல் லெவிட் பல சுவரோவியங்களுக்குக் குறிப்பு மட்டும் எழுதினார், வரைந்தது உதவியாளர்கள். அம்மம்மா சொல்லச் சொல்ல யார் துழாவினாலும் ஒடியல் கூழ் அம்மம்மாவின் கூழ்தானே.

யாழ்ப்பாணத்து ஓவியர் சனாதனன், இடம்பெயர்ந்தவர்களிடம் விட்டுவந்த வீட்டின் வரைபடத்தை நினைவிலிருந்து கீறித் தரச் சொன்னார். 2011இல் வெளிவந்த அவரது நூல்வடிவப் படைப்புக்கு அந்தக் கீறல்களே அடிப்படை.

'அப்படியென்றால் எதை வைத்தாலும் கலையா?' இல்லை. கேள்வி சப்பென்று இருந்தால் படைப்பும் சப்பென்றுதான் இருக்கும்.