பள்ளியில் படிக்கும்போதே ஆய்வுக் கட்டுரை எழுத முடியுமா?

ஆய்வகமோ பல்கலைக்கழகத் தொடர்போ இல்லாத பள்ளி மாணவர் ஆய்வுக் கட்டுரை எழுதலாமா, எங்கே தொடங்குவது என்பது கேள்வி. தாராளமாக எழுதலாம். மாணவர் ஆய்வுகளுக்கு வழிகாட்டிவரும் ஆசிரியன் என்ற முறையில் சொல்வதானால், பெரும்பாலோர் தடுமாறுவது எழுதுவதில் அன்று. கையில் இருப்பதைக் கொண்டு விடை காணக்கூடிய அளவுக்குக் கேள்வியைச் சுருக்குவதில்தான்.

அமெரிக்காவின் கொலராடோவைச் சேர்ந்த எமிலி ரோசா நான்காம் வகுப்பு அறிவியல் கண்காட்சிக்காகச் செய்த சோதனை இதற்கு நல்ல சான்று. நோயாளியைத் தொடாமலே, அவர் உடலைச் சூழ்ந்துள்ள ஆற்றலைக் கைகளால் உணர்ந்து நோயைத் தணிக்க முடியும் என்று சில சிகிச்சையாளர்கள் கூறிவந்தனர். அந்தச் சிகிச்சை பலன் தருகிறதா என்று ஆராயப் புகுந்திருந்தால் எமிலிக்கு மருத்துவமனையும் ஏராளமான நோயாளிகளும் தேவைப்பட்டிருக்கும். அவரோ, அருகில் ஒரு கை இருப்பதையாவது அவர்களால் உணர முடிகிறதா என்று மட்டும் கேட்டார். அட்டைத் தடுப்பின் துளைகள் வழியே சிகிச்சையாளர் இரு கைகளையும் நீட்டுவார். எமிலி நாணயத்தைச் சுண்டி, அது காட்டியபடி வலக்கைக்கோ இடக்கைக்கோ மேலே தன் கையை வைப்பார். எந்தக் கை என்று சிகிச்சையாளர் சொல்ல வேண்டும். 21 பேரிடம் செய்த 280 முயற்சிகளில் 123 மட்டுமே சரி, அதாவது 44 விழுக்காடு. வெறுமனே ஊகித்திருந்தாலே ஏறத்தாழப் பாதி சரியாக வந்திருக்கும். செவிலியரான தாயும் வேறு இருவரும் உடனாசிரியர்களாக, 1998-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் கட்டுரை வெளிவந்தபோது எமிலிக்கு வயது 11.

'எங்கள் ஊரின் நீர் மாசு' என்ற தலைப்போடு வரும் மாணவரிடம் நான் கேட்பதும் இதைத்தான்: எதை எண்ணப் போகிறீர்கள்? சாயப்பட்டறைக்கு அருகிலுள்ள கிணற்று நீரிலும் குடிநீர்க் குழாய் நீரிலும் ஐம்பது ஐம்பது பச்சைப்பயறுகளை ஒரே இடத்தில் முளைக்கவிட்டு, மூன்றாம் நாள் முளைத்தவற்றை எண்ணினால் அது ஆய்வாகத் தொடங்கிவிடும். எண்ணுபவருக்கு எந்தத் தட்டில் எந்த நீர் என்று தெரியக் கூடாது. தெரிந்தால் பாதி முளைத்த பயறு அவரை அறியாமலே ஒரு பக்கம் சேர்ந்துவிடும். எமிலியின் நாணயமும் விருப்பு வெறுப்புக்கு இடம் கொடாமல் இருக்கத்தான்.

எழுதும்போது செய்முறைப் பகுதியை முதலில் எழுதுங்கள். சோதனை நினைவில் இருக்கும்போதே எழுதினால்தான் அது துல்லியமாக அமையும். இங்கிலாந்தின் பிளாக்காட்டன் தொடக்கப் பள்ளியில் 8 முதல் 10 வயது வரையிலான 25 குழந்தைகள், வண்டுத்தேனீக்கள் பூக்களின் நிறத்தையும் அவை அமைந்திருக்கும் இடத்தையும் சேர்த்துக் கற்கின்றனவா என்று ஆராய்ந்து எழுதிய கட்டுரையை, வண்ணப் பென்சில் படங்களோடும் மேற்கோள் பட்டியல் இல்லாமலும் பிரிட்டனின் அறிவியல் கழகமான ராயல் சொசைட்டியின் 'பயாலஜி லெட்டர்ஸ்' இதழ் 2010-இல் வெளியிட்டது உண்மையே. ஆனால் அந்தச் சலுகை நமக்குக் கிடைக்காது. முன்னர் செய்யப்பட்டவற்றைப் படித்து மேற்கோள் காட்டியே ஆக வேண்டும்.

வெளியிடுவதற்கு முன் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டில் சமர்ப்பித்துப் பாருங்கள். 10 முதல் 17 வயதினருக்கான அம்மாநாட்டில் தமிழிலேயே பேசலாம், நடுவர்களின் குறுக்குக் கேள்விகள் கட்டுரையின் ஓட்டைகளைக் காட்டிவிடும். பிறகு, பள்ளி மாணவர்களுக்கென்றே நடத்தப்படும் 'ஜர்னல் ஆஃப் எமர்ஜிங் இன்வெஸ்டிகேட்டர்ஸ்' போன்ற இதழுக்கு வழிகாட்டியின் துணையுடன் அனுப்பலாம். பணம் கட்டினால் ஒரே வாரத்தில் வெளியிடுகிறோம் என்று அழைக்கும் இதழ்களின் பக்கம் போகவே வேண்டாம். வகுப்புத் தோழர்களிடம் கருத்துக்கணிப்பு நடத்துவதாக இருந்தால், பள்ளியின் அனுமதியையும் பெற்றோரின் எழுத்துபூர்வமான ஒப்புதலையும் முதல் கேள்வியைக் கேட்பதற்கு முன்பே வாங்கிவிடுங்கள்.