போர்வைக்கு முன்னால் பாய், பாய்க்கு முன்னால் கணக்கு

கேள்வி: வியாசர்பாடியில் கேப்டன் காட்டன் கால்வாயை ஒட்டிய தெருக்களில் எங்கள் நற்பணி மன்றம் இயங்கி வருகிறது. சென்ற முறை வெள்ளம் வந்தபோது, பக்கத்தில் உள்ள திருமண மண்டபத்தில் (கூடம் 60 அடிக்கு 40 அடி) சுமார் 60 குடும்பங்களைத் தங்க வைத்தோம். போர்வைகள் வந்து குவிந்தன; ஆனாலும் பலருக்குக் கிடைக்கவில்லை. கிடைத்தவர்களிலும் முதியவர்களும் குழந்தைகளும் இரவெல்லாம் குளிரில் நடுங்கினார்கள். இந்த வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே திட்டமிட விரும்புகிறோம். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: உங்கள் கடிதத்தில் இரண்டு குறைகளைச் சொல்லியிருக்கிறீர்கள். போர்வை வந்தும் பலருக்குக் கிடைக்காதது ஒன்று, கிடைத்தும் குளிர் தீராதது மற்றொன்று. இரண்டாவதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். ஏனெனில், நிவாரணப் பணியில் பல ஆண்டுகள் இருப்பவர்கள்கூட அதைச் சரியாகக் கவனிப்பதில்லை.

சென்னையில் என்ன பெரிய குளிர் என்று கேட்பவர்கள் உண்டு. மார்கழியில்கூட இங்கே இரவு வெப்பநிலை பெரும்பாலும் 20 டிகிரிக்குக் கீழே போவதில்லை என்பது உண்மைதான். ஆனால், இடுப்பளவு தண்ணீரில் நடந்து வந்து, நனைந்த புடவையோடு, காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாமல், மொசைக் தரையில் படுக்கும் எழுபது வயதுப் பெண்மணிக்கு அந்த 20 டிகிரி போதும், உடம்பு விறைத்துப்போக. 2015 டிசம்பரில் வடசென்னைப் பள்ளி ஒன்றின் வகுப்பறையில் நான் கண்ட காட்சி இன்னும் கண்ணில் நிற்கிறது. ஒரு பாட்டி இரண்டு புதிய போர்வைகளைச் சுற்றிக்கொண்டு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார், பற்கள் கிட்டித்துக்கொண்டிருந்தன. போர்வையின் கீழ்முனையைத் தொட்டுப் பார்த்தேன்; ஒரு சாண் உயரத்துக்கு ஈரம் ஏறியிருந்தது. கதவிடுக்கின் வழியாக வழிந்த தண்ணீர் அவர் உட்கார்ந்திருந்த இடம் வரை மெல்லப் பரவியிருந்தது. மூன்றாவது போர்வையைக் கொடுத்திருந்தாலும் அதுவும் நனைந்திருக்குமே தவிர, அவருக்குச் சூடு வந்திருக்காது. நனைந்த புடவையை மாற்றி ஒரு நைட்டி கொடுத்து, இரண்டு பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டு, அதன்மேல் அவரைப் படுக்க வைத்த பிறகுதான் நடுக்கம் அடங்கியது.

முகாமில் குளிர் மேலிருந்து வருவதைவிடத் தரையிலிருந்தும் ஈரத்துணியிலிருந்தும்தான் அதிகம் வருகிறது. போர்வை தானாகச் சூடு தருவதில்லை. உடம்பின் சூடு வெளியே போகாமல் தடுக்கிறது, அவ்வளவுதான். உடம்பின் கனத்தில் நசுங்கிய பகுதியிலும் ஈரம் ஏறிய பகுதியிலும் அந்தத் தடுப்பு வேலை செய்யாது. ஆகவே, நீங்கள் திரட்ட வேண்டியவற்றில் பாய் முதலிடம் பெறட்டும். தரையை ஒட்டித் தார்ப்பாய் அல்லது பழைய பிளெக்ஸ் பேனர், அதன்மேல் மளிகைக் கடைகளில் கிடைக்கும் அட்டைப் பெட்டிகளைப் பிரித்துப் பரப்பிய அட்டை, அதற்கும் மேல் கோரைப்பாயோ ஜமுக்காளமோ என்று அடுக்குங்கள். அட்டைக்குச் செலவே இல்லை. காய்ந்த அட்டை இரண்டு அடுக்கு போட்டால் தரையின் சில்லிப்பு பெருமளவு குறையும். நனைந்தால் உடனே எடுத்துப் போட்டுவிட்டு வேறு அட்டை போட வேண்டும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம். முதியவர்கள், கருவுற்றவர்கள், பச்சிளங்குழந்தையோடு இருக்கும் தாய்மார்கள் ஆகியோரை வாசலிலிருந்தும் காற்று வரும் பக்கத்திலிருந்தும் தள்ளி, உட்புறச் சுவரோரமாகப் படுக்க வையுங்கள்.

உள்ளே வருபவருக்கு முதலில் கொடுக்க வேண்டியது துண்டு, அடுத்தது மாற்றுடை, பிறகு சுடச்சுடக் கஞ்சியோ டீயோ. போர்வை நான்காவதாகத்தான் வருகிறது. இந்த வரிசை மாறி, நனைந்த உடையின் மேலேயே போர்வையைப் போர்த்தினால் அந்தப் போர்வையும் வீணாகிவிடும், மறுநாள் அதைக் காய வைக்க வெயிலும் இருக்காது. வாங்கும்போதும் இதை மனத்தில் கொள்ளுங்கள்: கனமான பருத்திப் போர்வை நனைந்தால் இரண்டு நாளுக்குக் காயாது, இலேசான செயற்கை இழைப் போர்வை மின்விசிறிக் காற்றிலேயே காய்ந்துவிடும். நைட்டி, லுங்கி, குழந்தைகளுக்கான பனியன், டவுசர், உள்ளாடைகள் ஆகியவற்றைப் பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் மொத்த விலைக்கு இப்போதே பேசி வைக்கலாம். பிறந்த குழந்தையின் தலையைத் துணியால் மூடி, தாயின் நெஞ்சோடு உடல் படும்படி அணைத்து, இருவரையும் சேர்த்துப் போர்த்துவதுதான் அதற்குக் கிடைக்கக்கூடிய நல்ல சூடு. எக்காரணம் கொண்டும் மூடிய அறைக்குள் கரி அடுப்பு மூட்டவோ ஜெனரேட்டரை ஓட விடவோ அனுமதிக்காதீர்கள். அவற்றின் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது, தூக்கத்திலேயே உயிரைப் பறித்துவிடும்.

இனி முதல் குறைக்கு வருகிறேன். பொருள் வந்து குவிந்தும் பலருக்குக் கிடைக்காமல் போனதற்குக் காரணம், உள்ளே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்ற கணக்கு உங்களிடம் இல்லாததுதான். தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் நிவாரண முகாம்களுக்கென்று சில குறைந்தபட்ச அளவுகளை வகுத்திருக்கிறது: ஒருவருக்குக் கூரையுள்ள இடம் 3.5 சதுர மீட்டர், ஒரு நாளைக்குக் குடிநீர் 3 லிட்டர், 30 பேருக்கு ஒரு கழிப்பறை. உங்கள் மண்டபத்தை இந்த அளவுகோலால் அளந்து பாருங்கள். கூடம் 2,400 சதுர அடி. ஒருவருக்கு ஏறத்தாழ 38 சதுர அடி என்றால் 63 பேர் தங்கலாம். குடும்பத்துக்கு நான்கு பேர் என்று வைத்தாலே நீங்கள் தங்க வைத்தது 240 பேர். நெருக்கடியில் முதல் இரவு அப்படித் தங்குவதைத் தவிர்க்க முடியாமல் போகலாம். அதற்காக உங்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால், இரண்டாவது இரவுக்கு வேறு மூன்று கட்டடங்கள் தேவை என்பது முன்பே தெரிந்திருக்க வேண்டும். மாடி உள்ள பள்ளிகள், சமுதாயக் கூடங்கள், வழிபாட்டுத் தலங்களின் அரங்குகள் ஆகியவற்றின் சாவி யாரிடம் இருக்கிறது, தரைத்தளத்தில் தண்ணீர் ஏறுமா, கழிப்பறை எத்தனை என்பதை மழைக்கு முன்பே நேரில் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். 240 பேருக்குக் குடிநீர் மட்டும் நாளொன்றுக்கு 720 லிட்டர், அதாவது 20 லிட்டர் கேன் 36. கழிப்பறை எட்டு. இந்த எண்கள் கையில் இருந்தால், உதவ வருபவரிடம் என்ன கேட்பது என்று திணற வேண்டியிருக்காது.

இதற்கு ஒரு நீளமான நோட்டுப் புத்தகம் போதும். வாசலில் ஒருவர் உட்கார்ந்து, குடும்பத் தலைவர் பெயர், தெரு, ஆண், பெண், குழந்தைகள், முதியோர் எண்ணிக்கை, நோய், அன்றாட மருந்து, கொடுத்த பொருள் என்று ஒரு குடும்பத்துக்கு ஒரு வரி எழுத வேண்டும். எழுதியதும் எண்ணிட்ட ஒரு சீட்டைக் குடும்பத்திடம் கொடுத்துவிடுங்கள். வரும் பொருள் எதுவும் அந்த எண் வரிசைப்படி, படுத்திருக்கும் இடத்துக்கே போகட்டும். லாரியின் பின்புறத்திலிருந்து வீசினால் கையில் பலம் உள்ளவனுக்குத்தான் போர்வை கிடைக்கும். ரேஷன் கார்டு, ஆதார் எண் இருந்தால் குறித்துக்கொள்ளலாம். இல்லை என்பதற்காக ஒருவரையும் வெளியே நிறுத்தாதீர்கள். வாடகைக்குக் குடியிருப்பவர்கள், வட மாநிலத் தொழிலாளர்கள், நடைபாதையில் வாழ்பவர்கள், திருநங்கையர் ஆகியோரிடம் பல நேரம் உள்ளூர் அட்டை இருக்காது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு அரசு ரூ.6,000 நிவாரணத்தை ரேஷன் கடைகள் வழியாகத்தான் வழங்கியது. அத்தகைய நேரத்தில், இன்னார் இன்ன தேதியில் முகாமில் இருந்தார் என்ற உங்கள் பதிவு, அட்டை இல்லாத குடும்பம் விண்ணப்பத்தோடு காட்டுவதற்கு ஒரு சான்றாக இருக்கும்.

மாநகராட்சியை விட்டுவிட்டுத் தனியாக முகாம் நடத்தும் எண்ணம் இருந்தால், தயவுசெய்து கைவிடுங்கள். வடசென்னைப் பகுதிகள் மாநகராட்சியின் பல மண்டலங்களில் அடங்குகின்றன. உங்கள் மண்டல அலுவலகத்துக்கும் வார்டு உதவிப் பொறியாளருக்கும் மாமன்ற உறுப்பினருக்கும் மண்டபத்தின் பெயரையும் கொள்ளளவையும் இப்போதே எழுத்தில் கொடுத்துவிட்டால், முகாம் திறந்தவுடன் உணவு, தண்ணீர் லாரி, மருத்துவக் குழு ஆகியவை உங்கள் வாசலுக்கும் வர வழி உண்டு. அவசரத்துக்கு மாநகராட்சி 1913, மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070, ஆம்புலன்ஸ் 108 ஆகிய எண்களைச் சுவரில் பெரிதாக எழுதி வையுங்கள். பக்கத்துத் தெருக்களில் வேறு அமைப்புகள் வேலை செய்தால், காலையிலும் மாலையிலும் பத்து நிமிடம் பேசி, யார் எந்தத் தெரு என்று பிரித்துக்கொள்ளுங்கள். முதன்மைச் சாலையை ஒட்டிய வீடுகளுக்கு நான்கு முறை பிரியாணிப் பொட்டலம் போகும். உள்சந்துக்கு ஒன்றும் போகாது. ஒவ்வொரு வெள்ளத்திலும் நடக்கும் இதை அந்தப் பத்து நிமிடப் பேச்சால் தடுக்க முடியும்.

எப்போது குடும்பங்களை அழைத்து வருவது என்பதும் உங்கள் முடிவில் இருக்கிறது. கால்வாய்களின் தண்ணீர் கடைசியில் பக்கிங்காம் கால்வாய்க்கும் கடலுக்கும் போக வேண்டும். புயல் நேரத்தில் கடல் மட்டம் உயர்ந்திருந்தால் அது வடியாது, மழை ஓய்ந்த பிறகும் வீட்டுக்குள் ஏறும். மணலி, சடையங்குப்பம் பக்கத்தில் உள்ளவர்களுக்குப் புழல் ஏரியின் உபரிநீர்த் திறப்பும் முக்கியம். அந்த அறிவிப்பு வந்த உடனே அவர்கள் கிளம்ப வேண்டும். சுரங்கப்பாதைகள் மூடிய பிறகு, இருட்டில், படகு தேடி அலைவதைவிட, பகல் வெளிச்சத்தில் நோயாளிகளையும் முதியவர்களையும் நடத்தியே அழைத்து வந்துவிடலாம். கிளம்பும்போது மருந்துச் சீட்டும் மாத்திரையும் எடுத்துக்கொண்டார்களா என்று ஒவ்வொரு வீட்டிலும் கேளுங்கள். இன்சுலின், காசநோய் மாத்திரை, டயாலிசிஸ் முறை ஆகியவை ஒரு வாரம் தவறினால், வெள்ளம் செய்யாத கேட்டை அது செய்துவிடும்.

பழைய துணி வாங்கலாமா என்று உங்கள் உறுப்பினர்கள் நிச்சயம் கேட்பார்கள். வேண்டாம் என்பதே என் கருத்து. பிரிக்க ஆள் வேண்டும், வைக்க இடம் வேண்டும், அந்த இடத்தில் நான்கு குடும்பங்கள் படுக்கலாம். கடைசியில் பெரும்பகுதி குப்பையாகிக் கால்வாய் ஓரத்திலேயே கிடக்கும். கொடுக்க நினைப்பவரிடம் புதிய துண்டு, நாப்கின், கொசுவலை, பெரியவர்களுக்கான டயப்பர் ஆகியவற்றின் பட்டியலைக் கொடுங்கள்.

பெண்களின் கழிப்பறையை ஆண்களுடையதிலிருந்து பிரித்து, போகும் வழியில் இரவு முழுதும் விளக்கு எரியச் செய்யுங்கள்; மின்சாரம் இல்லாவிட்டால் சார்ஜ் விளக்கு. இருட்டுக்குப் பயந்து பெண்கள் மாலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருப்பதை நான் பல முகாம்களில் பார்த்திருக்கிறேன். உடை மாற்றவும் பால் கொடுக்கவும் ஒரு மறைப்பு வேண்டும். மணமகள் அறை அதற்குப் பொருத்தம். அதை உங்கள் மன்றத்தின் கிடங்காக்கிவிடாதீர்கள்.

குடிநீரைக் கொதி வந்த பின்னும் ஒரு நிமிடமாவது கொதிக்க வைத்துக் கொடுங்கள். வெள்ளநீரில் நடந்தவர்களுக்கு அடுத்த சில வாரங்களில் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு வந்தால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம். கடையில் மாத்திரை வாங்கிப் போடாமல் மருத்துவரிடம் அனுப்புங்கள்.

முகாமை மூடும் நாளை அவசரப்பட்டு அறிவிக்க வேண்டாம். தெருவில் தண்ணீர் வடிந்துவிட்டது என்பதற்கும் வீடு படுக்கத் தகுந்ததாகிவிட்டது என்பதற்கும் இடையில் சில நாட்கள் இருக்கின்றன. சுவர் ஓதம் காயாத வீட்டில் படுத்தால் முகாமில் விட்ட குளிர் அங்கே பிடித்துக்கொள்ளும். மின் இணைப்பைத் தெரிந்தவர் சோதிக்கும் வரை சுவிட்சைத் தொடக்கூடாது. 2023-இல் எண்ணூர்ப் பக்கம் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவும் வீடுகளுக்குள் புகுந்தது. அப்படிப் பட்ட மெத்தையும் துணியும் துவைத்தாலும் பயன்படாது, மாற்றித்தான் தர வேண்டும். ஆகவே, திரும்பிப் போகும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் அவர்கள் படுத்திருந்த பாய், போர்வை, ஒரு வாளி, துடைப்பம், பிளீச்சிங் பவுடர் ஆகியவற்றைக் கொடுத்து அனுப்புங்கள். நோட்டில் அந்த வரியின் எதிரே போன தேதியைக் குறித்துவிட்டு, மூன்றாம் நாள் அந்த வீட்டுக்கு யாராவது ஒருவர் போய், தரை காய்ந்திருக்கிறதா என்று கையால் தொட்டுப் பார்த்து வரட்டும்.